மாதம் பார்த்துப் பாட்டுப் படிப்பது எப்படி? வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை, நடுவில் கரஸில் (அஞ்சல் வழியில்) எம்.ஏ. தமிழ். இரண்டாம் ஆண்டில் "பருவப் பாடல்களும் விழாப் பாடல்களும்: பொருளும் உத்தியும்" என்று ஒரு அசைன்மென்ட் வந்தது. மழை பற்றி நாலு பாட்டு, பண்டிகை பற்றி நாலு பாட்டு, இவ்வளவுதானே என்று 22 பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "பொழிப்புரை கேட்கவில்லை." பாட்டு சொல்வதை அப்படியே உரைநடையில் திருப்பிச் சொல்வதுதான் பொழிப்புரை.

திருப்பி எழுத நான்கு மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் தேவையே இல்லாத அலைச்சல். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கரஸில் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தமிழை எடுத்தவர்கள், பிள்ளையைத் திருப்பாவை ஒப்பித்தல் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் என யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்கு மாதத்தில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். பாட்டுக்குள் ஒரு மாதம் சும்மா வந்து உட்காராது. சம்பளம் வாங்காமல் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அது என்ன வேலை என்று கண்டுபிடித்துவிட்டால் பொருளும் உத்தியும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான். பரீட்சைக்கு முந்தின நாள் இதைப் படிப்பவர்கள் 3, 4, 5 மட்டும் படித்தால் போதும்.

1. முதலில் பாட்டுகளைக் குறையுங்கள்

நான் நாற்பது பாட்டு எடுத்தேன். அதுதான் முதல் தப்பு. நாற்பதை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிதான் எழுத முடியும்; மூன்று வரியில் பொழிப்புரை தவிர வேறு எதுவும் வராது.

இரண்டாம் முறை ஒன்பதோடு நிறுத்தினேன். குறுந்தொகை 66, 21. அகநானூறு 141. திருப்பாவையில் மூன்றாவதும் நான்காவதும். திருவெம்பாவை 16. சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம். வான்சிறப்பில் 15ஆம் குறள். பாரதியின் மழைப் பாட்டு. தனியாகப் பேசுகிற பாட்டை விட, ஜோடியாக வைத்தால் ஒன்றோடொன்று பேசுகிற பாட்டுகளைத் தேடுங்கள். ஒப்பிட ஆரம்பித்தாலே பொழிப்புரை நின்றுவிடும்.

ஆசைப்பட்டு நெடுநல்வாடையைத் தொட வேண்டாம். நல்ல பாட்டுதான், கூதிர் என்ற குளிர்காலத்தை அதைப் போலச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் 188 அடி. வேலைக்குப் போகிறவருக்கு அதற்கே ஒரு மாதம் போய்விடும். எனக்குப் போனது.

2. புத்தகம், காகிதம், காசு

நூலக உறுப்பினர் அட்டையை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். என்னிடம் கேட்டவை ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், முகவரிச் சான்று. இந்த மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆதாரில் வியாசர்பாடி முகவரி, குடியிருப்பதோ தண்டையார்பேட்டை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வழக்கமான தலைவலி. கேஸ் இணைப்புப் புத்தகத்தையும் வாடகை ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனேன். நீங்கள் முதல் முறையே எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கட்டணம் பெரிய விஷயமில்லை. வைப்புத்தொகையும் சந்தாவும் சேர்த்து ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட ஆகவில்லை.

நூலகத்துக்கு வார விடுமுறை ஞாயிறு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவன். வாசலில் இருக்கும் பலகையை முதல் தடவையே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை நூலகத்தில் நாவல் நிறைய இருக்கும். உரையோடு கூடிய சங்க இலக்கியம் சில இடங்களில்தான் இருக்கும். கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமாராவுக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகலாம். போவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடிவிடுங்கள், செலவே இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்திலும் மூலம் இலவசமாகக் கிடைக்கும். அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே 1998 பொங்கலன்றுதான்; நம் தலைப்புக்குப் பொருத்தமான நாள்.

குறுந்தொகைக்கு உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பைப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே யார் யாரிடம் எந்த நிலைமையில் பேசுகிறார் என்ற கூற்று, பதவுரை, கருத்து எல்லாம் முறையாக இருக்கும். எண்ணும் கூற்றும் இல்லாமல் இணையத்தில் சுற்றுகிற வெறும் மூலத்தை நம்பி எழுதினால், தோழி பேச்சைத் தலைவி பேச்சாக மாற்றி எழுதிவிடுவீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

விலை கொடுத்து வாங்குவதென்றால் ஜனவரி வரை பொறுக்க முடியுமா என்று பாருங்கள். பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. உரையோடு ஒரு குறுந்தொகை எனக்கு 315 ரூபாய்க்குக் கிடைத்தது, போட்டிருந்த விலை 350. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூர் தேரடியிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். திரும்பும்போது கை வலிக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இது போக ஜெராக்ஸுக்கு 120 ரூபாய், இரண்டு நீள நோட்டு 140, ஸ்பைரல் பைண்டிங் 50 ஆனது. நோட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த என் நோட்டுகள் தெருத் தண்ணீரில் ஊறிப்போயின. மழைப் பாட்டைப் பற்றிய குறிப்புகள் மழையில் போனதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

3. மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்

இலக்கணத்தில் பெரும்பொழுது, அதாவது ஆண்டின் பருவங்கள், ஆறு. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி, நீங்கள் பல் தேய்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம் இங்கேதான் இருக்கிறது. கார் என்றால் மழைக்காலம் என்று படிக்கிறோம். மழைக்காலம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நவம்பர், டிசம்பர். ஸ்கூலுக்கு லீவு விடுகிற மழை, முழங்கால் தண்ணீர். ஆனால் அந்த வடகிழக்குப் பருவமழை பெய்வது ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதாவது அட்டவணைப்படி கூதிரில். கார் அதற்கு முன்பே, ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். "கார்காலம், அதாவது நவம்பர் மாதம்" என்று நான் எழுதியதற்கு ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

சென்னை மழையை வைத்துப் பாட்டை அளக்காதீர்கள். மேகம் திரண்டு, காடு பூத்து, பொருள் தேடப் போனவன் வீடு திரும்ப வேண்டிய தவணைதான் பாட்டில் வரும் கார். ஊதக் காற்றில் ஆள் நடுங்கிப் போர்த்திக்கொள்ளும் காலம் கூதிர். கூதிருக்கு உரிய காற்றான வாடையை அகராதியில் தேட வேண்டியதில்லை. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் எங்கள் எதிர்வீட்டு மாமாவிடம் கேட்டேன். "வாடை எழும்பிடுச்சின்னா கடல் கலங்கும் தம்பி, ஒடம்புக்கும் ஆவாது" என்றார். வாடை வடக்குக் காற்று என்று பதவுரையில் எழுதுவதைவிட இது நன்றாக மனதில் நின்றது.

இன்னொரு எச்சரிக்கை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வருபவர்கள் கூதிரை இலையுதிர்காலம் ஆக்கிவிடுகிறார்கள். கீட்ஸ் 1819இல் பாடிய இலையுதிர்காலம் அறுவடை முடிந்து பழம் கனியும் காலம். நம் ஆறு பொழுதுகளில் அப்படி ஒன்று கிடையாது. ஒப்பிடலாம், பெயர் மாற்றி ஒட்டக் கூடாது.

ஒரு நாளின் பிரிவுகளான சிறுபொழுதையும் கூடவே எழுதிவிடுங்கள்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. எற்பாடு மட்டும் குழப்பும். எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. பொழுது சாயும் வேளை, நெய்தலுக்கு உரியது.

4. ஒரு சின்னப் பாட்டில் பழகுங்கள்: கொன்றை மரம் ஏன் முட்டாள்?

குறுந்தொகை 66, கோவர்த்தனார் பாடியது, ஐந்தே அடி. "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை" என்று ஆரம்பித்து "வம்ப மாரியைக் கார்என மதித்தே" என்று முடியும். கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவே இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டன.

பொழிப்புரை இத்தோடு முடிந்தது. முதல் தடவை நானும் இத்தோடு முடித்துவிட்டேன். அடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்.

பொழுதைப் பாட்டில் யார் அறிவிக்கிறார்கள்? கொன்றை. தேதி சொல்ல வந்த சாட்சியே அதுதான்.

அந்தச் சாட்சியை யார் மறுக்கிறார்கள், ஏன்? தோழி மறுக்கிறாள். மரம் தப்புச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தலைவிக்கும் அநேகமாகத் தெரியும். அவனைப் பொய்யன் என்று சொல்ல மனம் வராமல், பழியை மரத்தின் மேல் போடுகிறாள்.

அதை எந்தச் சொல் செய்கிறது? "வம்ப மாரி." வம்பு என்றால் இங்கே காலம் தப்பியது, நிலையில்லாதது. அந்த ஒரு சொல்லால் பெய்த மழையையே செல்லாததாக்கிவிடுகிறாள்.

இயல்பாகப் பூத்த பூவின் மேல் "ஏமாந்து பூத்தது" என்று ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வதால் இதைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதலாம். பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி மதிப்பெண்தான். அந்த உத்தி ஆற்றுவித்தல், அதாவது தலைவியைத் தேற்றுதல், என்ற வேலையைச் செய்கிறது என்று ஒரு வரி சேருங்கள்.

இதன் ஜோடி குறுந்தொகை 21, ஓதலாந்தையார் பாட்டு. இதில் பேசுவது தலைவியே. "கானம் கார்எனக் கூறினும் யானோ தேறேன்அவர் பொய்வழங் கலரே." காடே கார் வந்துவிட்டது என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர். இரண்டிலும் அதே கொன்றை, அதே பருவம். முதலாவதில் மரம் முட்டாள். இரண்டாவதில் காடு பேசுகிறது, இவள்தான் காதைப் பொத்திக்கொள்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எனக்கு இதில்தான் கதவு திறந்தது.

இப்போது பெரிய பொறி: கருப்பொருள் என்ற சொல். பள்ளியில் "இப்பாடலின் கருப்பொருள் என்ன?" என்றால் மையக்கருத்தைக் கேட்கிறார்கள். திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, மரம், பூ, பறவை, விலங்கு, பறை, தொழில் என்று அந்த நிலத்துக்கு உரியவை. நான் "66ஆம் பாடலின் கருப்பொருள் காத்திருப்பு" என்று எழுதிவிட்டேன். சரியான கணக்கு இப்படி: காடும் காரும், அதாவது நிலமும் பொழுதும், முதற்பொருள்; கொன்றை கருப்பொருள்; காத்திருத்தல், அதாவது இருத்தல், உரிப்பொருள் (அந்த நிலத்துக்கு உரிய மனநிலை); திணை முல்லை. தீம் என்பதற்கு மையப்பொருள் என்றோ பாடுபொருள் என்றோ எழுதித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை, இறைச்சி இரண்டும் பார்க்கிற இடமெல்லாம் இருப்பதாகத் தோன்றும். உரையாசிரியர் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஒரு துணைச் செய்தி. நம் பக்கம் தெருவோரச் சரக்கொன்றை சித்திரை, வைகாசி வெயிலில்தான் மஞ்சளாகத் தொங்கும். பாட்டில் காரில் பூக்கிறதே என்று என்னைப் போல நீங்களும் முழிப்பீர்கள். அந்த வழக்கை விடைத்தாளில் தீர்க்கப் போகாதீர்கள்.

5. மார்கழி: மழையை இரண்டு பேர் வர்ணித்தால்

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கும். திருப்பாவை முப்பது பாட்டு, திருவெம்பாவை இருபது. காலை நான்கரைக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும், அலாரம் தேவையில்லை. காதில் விழுவதோடு வரியைச் சேர்த்துப் படித்தால் சீர் எங்கே உடைகிறது என்பது தானாகப் பிடிபடும். அசைன்மென்ட் தேதி டிசம்பருக்குள் இருந்தால் காத்திருக்காமல் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டிய ஜோடி திருப்பாவை 4, "ஆழி மழைக்கண்ணா". திருவெம்பாவை 16, "முன்னிக் கடலைச் சுருக்கி". இரண்டும் ஒரே காட்சி. மேகம் கடலில் இறங்கித் தண்ணீரை முகந்து மேலே ஏறிப் பெய்கிறது. நீர்ச் சுழற்சி பற்றி ஆறாம் வகுப்பில் படித்த அதே படம்.

நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி போடுங்கள். ஆண்டாள் பக்கம்: மேகத்தின் கறுப்பு, ஊழி முதல்வன் உருவம். மின்னல், பற்பநாபன் கையில் உள்ள ஆழி, அதாவது சக்கரம். இடி, வலம்புரிச் சங்கின் அதிர்வு. மழை, சார்ங்கம் என்ற வில் விட்ட அம்பு மழை. மாணிக்கவாசகர் பக்கம்: கறுப்பு, உடையாளான உமையின் மேனி. மின்னல், அவளுடைய சிற்றிடை. இடி, காற்சிலம்பின் ஓசை. வானவில், புருவம். மழை, அவள் சுரக்கும் அருள்.

கோடு போட்டு எழுதினதும் தெரியும். ஒருவர் மழையைப் போர்க்களமாகப் பார்க்கிறார், இன்னொருவர் ஒரு பெண் நடந்து வருவதாகப் பார்க்கிறார். ஆண்டாளிடம் வானவில் தனியாக இல்லை. வில் அம்பு விடுகிற இடத்தில் இருக்கிறது. மாணிக்கவாசகரிடம் வில் அழகுக்கு நிற்கிறது. உவமையை அடையாளம் காட்டுவது எல்லாரும் செய்வது. உவமை எந்த உலகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் திருத்துபவர் ஒரு நிமிஷம் நின்று படிப்பார்.

அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. சக்கரம், சங்கு, அம்பு என்று அத்தனை படைக்கலத்தையும் அடுக்கிவிட்டு ஆண்டாள் "வாழ உலகினில் பெய்திடாய்" என்கிறார். கொல்கிற அம்பு மாதிரி வா, ஆனால் வாழ வைக்க வா. முந்தின பாட்டில் "தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து" என்றும் சொல்லியிருக்கிறார். "தீங்கின்றி" என்ற அந்தச் சொல்லை நான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்து படித்தபோதுதான், மழையைக் கேட்கிறவர் ஒரு நிபந்தனையோடு கேட்கிறார் என்பது உறைத்தது.

அடுத்து ஓசை. பென்சிலை எடுத்து "ஆழி மழைக்கண்ணா" முழுவதிலும் ழகரத்தைச் சுழியுங்கள். ஆழி, மழை, ஆழி, ஊழி, பாழி, ஆழி, தாழாதே, மழை, வாழ, மார்கழி, மகிழ்ந்து. பதினொன்று வரும். முதல் ஏழு அடிகளுக்கு ழகரமே எதுகை. வடசென்னைக்காரனுக்கு ழ வராது என்று ஊரே கிண்டல் செய்யும். என் அக்கா மகள் இந்த ஒரு பாட்டை இருபது நாள் சொல்லி "வாயப்பயத்தை" வாழைப்பழம் ஆக்கிக்கொண்டாள். ஒப்பித்தல் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

கூடவே ஆழி என்ற சொல்லையும் பாருங்கள். இரண்டாம் அடியில் கடல், ஐந்தாம் அடியில் சக்கரம். ஒரே சொல், வேறு வேறு பொருள். முதல் அடி ஆழிக்கு உரையைப் பார்த்து எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

6. பண்டிகைப் பாட்டு என்றால் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள்

அகநானூறு 141, நக்கீரர். பாட்டில் கார்த்திகை விளக்கு விழா வருகிறது. ஆனால் விழாப் பெயரையோ மாதப் பெயரையோ அவர் சொல்லவில்லை. மழை நீங்கிய வானம், முயல் கறை தெரிகிற முழு நிலா, அது "அறுமீன் சேரும்" நள்ளிரவு என்கிறார். அறுமீன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். வானத்தைக் காட்டியே தேதி குறித்துவிட்டார். இதைக் குறிப்புப் பொருள் என்று எழுதுங்கள்.

பிறகு "மறுகு விளக்குறுத்து மாலை தூக்கி": தெருவெல்லாம் விளக்கு, மாலை. "பலருடன் துவன்றிய விழவுடன் அயர வருகதில் அம்ம": எல்லாரும் நெருங்கிக் கூடும் விழாவை என்னோடு கொண்டாட அவர் வரமாட்டாரா. துவன்றுதல் என்றால் நெருங்கிக் கூடுதல். இதற்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போங்கள். ஆதிபுரீசுவரருக்குக் கவசம் திறக்கும் அந்த மூன்று நாளும் தேரடியிலிருந்தே கால் வைக்க இடம் இருக்காது. பாட்டில் மழை ஓய்ந்திருக்கும். இங்கே பாதி வருஷங்களில் குடை பிடித்துக்கொண்டுதான் வரிசையில் நிற்போம்.

"வருகதில்" என்பதில் உள்ள தில் ஓர் இடைச்சொல். விழைவைக் காட்டும். அதை எடுத்துவிட்டால் விழா வர்ணனைதான் மிஞ்சும். அந்த ஒற்றைத் துணுக்குதான் ஊரே சேர்ந்திருக்கும் நாளில் இவள் மட்டும் தனியாக இருப்பதைச் சொல்கிறது. உத்தி என்றால் அணியாகத்தான் இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு இது புதிது.

இதோடு சேர்க்க வேண்டியது சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகம். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று பண்டிகைகளை மாத வரிசையில் அடுக்குகிறது. ஊர்த் திருவிழா நாட்காட்டி கிடைத்துவிட்டது என்று பட்டியல் போட்டு நிறுத்தாதீர்கள். முதல் பத்துப் பாட்டும் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று முடிகின்றன. பூம்பாவை இறந்துபோன பெண். அவளுடைய எலும்பு இருந்த குடத்தின் முன் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஒவ்வொரு பண்டிகையும் "இதைப் பார்க்காமலே போய்விடுவாயா" என்ற கேள்வியாக மாறுகிறது. மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர வர, இழப்பும் சேர்ந்துகொண்டே போகிறது. திரும்பத் திரும்ப வரும் அந்த முடிப்பும் மாத வரிசையும்தான் இங்கே உத்தி. எங்கள் வீட்டில் பாட்டி இறந்த பிறகு வந்த முதல் பொங்கலன்று பானையைத் தொடாமல் அம்மா உட்கார்ந்திருந்தது இதைப் படித்தபோது ஞாபகம் வந்தது. அதை அசைன்மென்டில் எழுதவில்லை. நீங்களும் சொந்தக் கதையை அங்கே எழுத வேண்டாம்.

7. மீதி இரண்டு

"கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை." கெடுப்பது, எடுப்பது முரண் தொடை. "பதூஉம்" இன்னிசை அளபெடை. தளை (சீர்களை இணைக்கும் கட்டு) தட்டாமல் இருப்பதற்காக அல்ல, ஓசை இனிமைக்காக நீள்வது. இந்த வித்தியாசத்தை மட்டும் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரதியின் மழைப் பாட்டில் "தீம்தரிகிட தீம்தரிகிட" என்று தாளச் சொற்கட்டு வருகிறது. அதை இரட்டைக்கிளவி என்று எழுதிவிடாதீர்கள். மிருதங்கச் சொல்லை மழைச் சத்தமாக்கியிருக்கிறார், ஒலிக்குறிப்பு என்றால் போதும்.

8. எழுதும் முறையும் நேரமும்

ஒன்பது பாட்டுக்குப் பத்து வாரம் ஒதுக்குங்கள். வாரம் ஒன்று, கடைசி வாரம் எழுத. ஷிப்டில் இருப்பவர்கள் ஒரே மூச்சில் ஞாயிற்றுக்கிழமை உட்காருவதைவிடத் தினம் நாற்பது நிமிஷம் வைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் மூலத்தை மூன்று முறை வாய்விட்டுப் படிப்பது, இரண்டாம் நாள் பதம் பிரித்து எழுதுவது, மூன்றாம் நாள் உரையோடு ஒப்பிடுவது, பிறகு மேலே சொன்ன மூன்று கேள்விகள். உரையை முதல் நாளே திறந்தால் உங்கள் கண் மூடிக்கொள்ளும்.

பாட்டு ஒன்றுக்கு ஒன்றரைப் பக்கம் போதும். பொழிப்புரை நான்கு வரியைத் தாண்டக் கூடாது. மேற்கோள் வரியை எழுதினால் பாட்டு எண்ணும் அடி எண்ணும் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சீர் பிரிப்பு மாறும், ஆகவே எல்லா மேற்கோளையும் ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள். நான் மூன்று இடத்திலிருந்து எடுத்து, ஒரே வரியை இரண்டு விதமாக எழுதி மாட்டிக்கொண்டேன்.

கைடு புத்தகங்களிலிருந்து பத்தி பத்தியாக எடுக்காதீர்கள். அதே கைடை உங்களுக்கு முன்னால் நூறு பேர் எடுத்திருப்பார்கள், திருத்துபவருக்கு மனப்பாடம்.

9. அனுப்பும்போது

கடைசித் தேதி ஜனவரி நடுவில் இருந்தால் உஷார். பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று அரசு விடுமுறை வரிசையாக வரும். தபால் நிலையம், ஜெராக்ஸ் கடை, படிப்பு மையம் மூன்றும் ஒரே நாளில் திறந்திருப்பது அபூர்வம். காணும் பொங்கலன்று பேருந்தில் ஏறி ஒரு வேலையும் முடிக்க முடியாது. போகிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

முகப்புத் தாளில் பதிவு எண், தாள் குறியீடு, ஆண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு முறை தாள் குறியீட்டில் ஓர் இலக்கம் மாறி, அசைன்மென்ட் வேறு பாடக்கட்டில் போய்ச் சேர்ந்தது. மையத்தில் "வரவே இல்லை" என்றார்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீது இருந்ததால் தேடச் சொல்ல முடிந்தது. ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த மை இரண்டு மாதத்தில் மங்கிவிடும். முழு அசைன்மென்டையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண்மேல் வையுங்கள்.